ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒரு வழிகாட்டி நடை: மதிப்புரை

பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த, பலர் பட்டு நெசவாளர்களாக இருந்த, ஹியூகனாட்டுகள் எனப்படும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் குடியேறிய தெருக்களைச் சுற்றிக் காட்டும் நடை ஒன்றில், கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் அண்மையில் கலந்துகொண்டேன்.

நடையின் சிறந்த பகுதி ஃபூர்னியே தெருதான். வழிகாட்டி எங்களை எதிர்ப்பக்கம் நிறுத்தி, கூரையை ஒட்டிய மேல்மாடங்களில் வரிசையாக அமைந்த அகன்ற ஜன்னல்களை நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். மெல்லிய பட்டிழையின் நிறத்தைப் பிரித்தறியவும், பாவில் அறுந்த இழையைக் கண்டு முடிச்சிடவும் நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதால்தான் தறிகள் வீட்டின் உச்சிக்கு ஏறின என்று அவர் விளக்கியபோது, அதுவரை வெறும் பழைய செங்கல் வீடுகளாகத் தெரிந்தவை தொழிற்கூடங்களாகத் தெரியத் தொடங்கின. பிரிக் லேன் முனையில் 1743இல் ஹியூகனாட்டுகள் கட்டிய தேவாலயத்தின் முன்னும் அவர் அவசரப்படவில்லை. பின்னாளில் மெதடிஸ்ட் ஆலயமாகவும், 1898இல் யூதர்களின் தொழுகைக் கூடமாகவும், 1976 முதல் பள்ளிவாசலாகவும் விளங்கும் அக்கட்டடத்தின் உச்சியில், 'நாம் நிழல்களே' என்ற லத்தீன் வாசகத்துடன் பழைய சூரியக் கடிகாரம் இன்றும் இருக்கிறது.

ஆனால் ஹியூகனாட்டுகள் ஏன் வந்தார்கள் என்பதை வழிகாட்டி இரண்டே வாக்கியங்களில் கடந்துவிட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. பிரான்சின் புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்து 1598இல் வழங்கப்பட்ட நான்ட் அரசாணையை 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி ரத்து செய்தபோது, புராட்டஸ்டன்ட் போதகர்களை நாட்டைவிட்டு வெளியேற்றிய அதே ரத்து ஆணை, சாதாரண புராட்டஸ்டன்ட்டுகள் வெளியேறுவதைத் தடை செய்தது. தப்ப முயன்று பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களில் அடிமைகளாகப் பூட்டப்பட்டார்கள், பெண்கள் சிறைப்பட்டார்கள். இங்கிலாந்தை அடைந்த சுமார் 50,000 பேரில் பலர், வீட்டையும் நிலத்தையும் கைவிட்டு ஒளிந்து வந்தவர்கள் என்பதை அறியாமல், அந்த மேல்மாடத் தறிகளின் அருமையை எப்படி உணர முடியும்?

செல்வந்தப் பட்டு வணிகர்களைப் பற்றி நிறையக் கேட்டோம். நிதியுதவியை நம்பி வாழ்ந்த ஏழை நெசவாளர்களைப் பற்றியோ, வறிய ஹியூகனாட்டுகளுக்காக 1718இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு மருத்துவமனையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நான் கேட்ட பிறகு மட்டுமே, அதுவும் மிக நன்றாக, வழிகாட்டி பதில் சொன்னார். எனவே தயங்காமல் கேளுங்கள்.

பகல் நேர நடையையே தேர்ந்தெடுங்கள். குளிர்கால மாலைகளில் அந்த ஜன்னல்கள் இருட்டில் தெரியாது.