கில்மோர்: அறுபதிலா, எழுபத்தெட்டிலா?

பிங்க் ஃபிளாய்டு ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞரும் பாடகருமான டேவிட் கில்மோரைத் தனியாகக் கேட்க எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்? தன் 60-வது பிறந்தநாளான 2006 மார்ச் 6 அன்று அவர் வெளியிட்ட 'ஆன் அன் ஐலண்ட்' அலையடங்கிய கடல். தலைப்புப் பாடலில் பாடகர்கள் டேவிட் கிராஸ்பியும் கிரஹாம் நாஷும் குரல் சேர்க்கிறார்கள். கிதாருக்காகவே கேட்பவருக்கு இது போதும். எனக்கோ பாதியில் கண் சொக்கிவிடும்.

அவருடைய 78 வயதில், 2024-இல் வந்த 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' பக்கம்தான் நான். மனைவி பாலி சாம்சனின் வரிகள் முதுமையையும் மரணத்தையும் நேராகப் பார்க்கின்றன. குரல் சற்றுக் கரகரக்கிறது. அந்த வரிகளுக்கு அது பொருத்தம். மகள் ரோமனியும் பாடுகிறார். தலைப்புப் பாடலிலோ, 2008-இல் மறைந்த பிங்க் ஃபிளாய்டு தோழர் ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டு ஒலிக்கிறது. அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு கொட்டகையில் நண்பர்கள் சும்மா வாசித்துப் பார்த்தபோது பதிவானது.