சென்னை–மதுரை இரவுப் பயணம்: ரயிலா, ஆம்னி பஸ்ஸா?

எழும்பூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 495 கி.மீ. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் டிக்கெட் உறுதியானால் வேறு யோசனையே வேண்டாம். பஸ் கட்டணத்தில் பாதிகூட வராது, கழிவறை உண்டு, நெரிசலும் தொடாது. சிக்கல் டிக்கெட்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பொங்கல், தீபாவளிக்குச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்கல் (கடைசி நேர முன்பதிவு) திறப்பது முந்தைய நாள்: ஏசி காலை 10 மணி, ஸ்லீப்பர் 11 மணி. ஆர்ஏசி (முழுப் படுக்கை உறுதியாகாத டிக்கெட்) என்றால் ஏறலாம், ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர வேண்டும். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) தயாரானபின்னும் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகும். பணம் திரும்பும், பயணம் போச்சு.

பஸ்ஸுக்கு அன்று மாலைகூட சீட் கிடைக்கும். ஆனால் நகரின் தென்கோடியில் உள்ள கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய்ச் சேரும் நேரத்தையும் ஆட்டோ காசையும் கணக்கில் சேருங்கள். வடசென்னைக்காரர்களுக்கு இதுவே பெரிய பயணம். பண்டிகைக்கு முந்தைய இரவு பரனூர், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிகளில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கட்டணமும் அன்று எகிறும். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் ரயிலுக்கு எழும்பூர் வரை போக வேண்டாம். பாண்டியன் அங்கேயே நிற்கும், ‘போர்டிங்’ நிலையத்தை மட்டும் தாம்பரம் என்று கொடுத்துவிடுங்கள்.