அமில மண்ணில் சோயா: டாலமைட் மூட்டையும் ரைசோபியம் பாக்கெட்டும் எப்படி?

கூடலூர் பக்கம் இஞ்சி எடுத்த நிலத்தில் சோயா போட நினைப்பவர்கள், யூரியா கேட்பதற்கு முன்னால் டாலமைட் (மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் சுண்ணாம்புப் பொடி), ரைசோபியம் (வேர்முடிச்சில் இருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா) இரண்டையும் வாங்குங்கள். ஒன்றை மட்டும் வாங்கினால் பாதிக் காசு வீண்.

எங்கள் மண்ணின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-ஐ ஒட்டித்தான் இருந்தது. 5.5-க்குக் கீழே போனால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியை வளரவிடாமல் செய்துவிடும், பாக்டீரியாவும் வேரில் குடியேறத் திணறும். டாலமைட் இதைத்தான் சரிசெய்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் கிடைப்பதோடு, மாலிப்டினம் என்ற நுண்சத்தும் செடிக்கு எட்டும், அது இல்லாமல் வேர்முடிச்சில் தழைச்சத்து பிடிக்கும் வேலையே நடக்காது. தேயிலைக்குப் போடுகிறார்களே, அதே சரக்குதான். வாங்கும்போது இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், முகப்பவுடர் மாதிரி வழுக்க வேண்டும். நறநறவென்றிருந்தால் வேண்டாம், அது மண்ணில் கரைய ரொம்ப காலமாகும். அளவை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லும் கணக்கு உங்கள் மண்ணுக்கு ஒத்துவராது. விதைப்புக்குச் சில வாரம் முன்பே தூவி உழுதுவிடுங்கள்.

அப்புறம் ரைசோபியம். 200 கிராம் பாக்கெட். எக்டருக்கு எத்தனை என்பதற்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையைப் பாருங்கள். சோயாவுக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள், உளுந்துக்கும் கடலைக்கும் விற்பதை நம்பி இறங்க வேண்டாம். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைக்க வேண்டும். ஒரு கடையில் வெயில் படும் அலமாரியிலிருந்து, தேதி முடிந்த பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது உயிர், வெயிலில் வைத்தால் செத்துப்போகும், விற்பவர்களுக்கே இது தெரியாதது வருத்தம்தான்.

பலன்? பூக்கும் சமயத்தில் செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். இரண்டும் போட்ட பாத்தியில் உள்ளே நல்ல இளஞ்சிவப்பு, பாக்டீரியா வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், இலையும் கரும்பச்சை. பாக்டீரியா மட்டும் போட்ட பாத்தியில் முடிச்சு குறைவு, இருந்தவையும் உள்ளே வெளுத்துக் கிடந்தன. பிரேசிலின் செராடோ என்ற புல்வெளிப் பகுதியின் மண்ணும் இதே அமில மண்தான். சுண்ணாம்பு போட்டு, விஞ்ஞானி யோஹன்னா டோபெரைனர் வற்புறுத்திய பாக்டீரியா வழியில் போனதால், அங்கே பெரும்பாலான சோயாவுக்குத் தழைச்சத்து உரமே போடுவதில்லை.

குறை என்றால் மலைப்பாதையில் மூட்டை ஏற்றும் வண்டி வாடகைதான். இங்கே மழை சுண்ணாம்பை அரித்துக்கொண்டே போகும் என்பதால், சில வருஷத்துக்கொரு முறை மண்ணைப் பரிசோதித்து மறுபடி போட வேண்டியிருக்கும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதை இந்த பாக்கெட் தராது.