2015-இல் தூசி தட்டிய நான்கு படங்கள்: எது தேறியது?

பழைய ஹாலிவுட் படத்தைத் தூசி தட்டித் திரும்ப எடுக்கிறார்கள் என்றாலே இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். "அந்தக் காலத்துல எல்லாமே நிஜமா செஞ்சாங்க, இப்போ எல்லாம் கிராஃபிக்ஸ்" என்று புலம்புவது ஒன்று, பழைய பிஜிஎம் காதில் விழுந்ததுமே விசிலடிப்பது இன்னொன்று. எனக்கு இரண்டு பேர் மேலும் நம்பிக்கை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க 2015 தோதான வருடம்: மே மாதம் மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு, ஜூனில் ஜுராசிக் வேர்ல்டு, ஜூலையில் டெர்மினேட்டர் ஜெனிசிஸ், டிசம்பரில் ஸ்டார் வார்ஸ்: த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்.

முதலில் ஜுராசிக். 1993-இல் வந்த முதல் படம் ஜுராசிக் பார்க் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், டைனோசர்கள் திரையில் இருப்பது சுமார் 15 நிமிடம்தான், அதிலும் கம்ப்யூட்டரில் செய்தது பாதிக்கும் குறைவு. டி-ரெக்ஸ் காரைத் தாக்கும் காட்சிக்கு ஸ்டான் வின்ஸ்டன் குழு முழு உருவில் ஒரு இயந்திரத்தையே செய்து வைத்திருந்தது. மழைக் காட்சி என்பதால் ரப்பர் தோல் தண்ணீரைக் குடித்து எடை ஏறி நடுங்க ஆரம்பிக்க, துடைத்துக் காயவைத்துத்தான் அடுத்த ஷாட்டுக்குப் போனார்கள். அப்படிப்பட்ட ஒன்றை இஷ்டத்துக்கு ஓடவிட முடியாது. அதனால் முதலில் தம்ளர் தண்ணீர் அதிர்கிறது, வேலிக் கம்பி அறுகிறது, அப்புறம்தான் தலை தெரிகிறது.

2015-இல் அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. பட்டப்பகலில் முழு உடம்போடு ஓடவிடலாம், ஓடவிட்டார்கள். டைனோசரைப் பார்த்து இப்போது யாரும் அசருவதில்லை என்று பூங்காவை நடத்தும் கிளேர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். கிண்டல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தக் கிண்டலுக்கு உரியதையே படமும் செய்கிறது. ஜான் வில்லியம்ஸின் அந்த மெட்டு 1993-இல் பிரம்மாண்டமான பிராக்கியோசாரஸை முதன்முதலாகப் பார்க்கும்போது எழுந்தது. இதில் எப்போது எழுகிறது தெரியுமா? ஹோட்டல் பால்கனிக் கதவைத் திறந்து சுற்றுலாக் கூட்டத்தைப் பார்க்கும்போது! உயிர் விடும் அபடோசாரஸ் காட்சி ஒன்றுதான் மனதில் நிற்கிறது. அந்தத் தலை நிஜமாகவே செய்தது என்பதால் மட்டும் இல்லை, கேமரா ஒரு நிமிடம் சும்மா இருக்கிறது.

ஜெனிசிஸைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வயதான அர்னால்டு, 1984-இல் வந்த முதல் டெர்மினேட்டரின் அர்னால்டோடு மோதுகிறார். இன்னொரு பாடிபில்டரின் உடம்பு, கம்ப்யூட்டர் செய்த முகம். அந்த வருடத்துக்கு அசாத்தியமான வேலைதான். ஆனால் 1984-இல் இந்த ஆள் யார் என்று தெரியாததுதான் பயமே. இங்கே "அச்சு அசல் அப்படியே இருக்கே" என்று சரிபார்ப்பதைத் தவிர நமக்கு வேலை இல்லை.

ஸ்டார் வார்ஸ் விளம்பரம் முழுக்க ஃபிலிம் ரோல், நிஜ செட், நிஜ பொம்மை என்றே ஓடியது. ஆனால் கிராஃபிக்ஸ் ஷாட்டுகள் 2,000-க்கு மேல்! நிஜம் என்பதையே பழைய பாசமாக விற்ற கெட்டிக்காரத்தனம் இது. கதையோ 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸின் ஜெராக்ஸ்: பாலைவனத்தில் தனியாள், ரகசியம் சுமக்கும் ரோபோ, கிரகத்தையே அழிக்கும் ஆயுதம். சுத்தமான ஜெராக்ஸ் என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் பழைய படத்து ஹாரிசன் ஃபோர்டு வரும்போது நானும் சிரித்தேன்.

மிச்சம் ஃபியூரி ரோடு, என் ஓட்டும் இதற்குத்தான். ஆனால் "கிராஃபிக்ஸே இல்லாத படம்" என்று பாராட்டுவதை நிறுத்துங்கள், இதிலும் ஏறக்குறைய 2,000 ஷாட்டுகள் உண்டு. புழுதிப் புயல், வில்லனின் கோட்டையான சிட்டடெல் பாறை, சார்லிஸ் தெரனின் இல்லாத இடது கை எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து நிறத்தை மாற்றினார்கள். ஆனால் நமீபியா மணலில் வண்டிகள் நிஜமாக ஓடின, ஓடும் வண்டியின் கம்பத்தில் ஆட்கள் நிஜமாக ஆடினார்கள். எடை முதலில் கேமராவில் பதிந்தது, கம்ப்யூட்டர் அதன் மேல் வேலை செய்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது இயக்குநர் ஜார்ஜ் மில்லர் பழைய பாசத்தைக் கையாண்ட விதம். ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் மேக்ஸின் அந்தக் கறுப்பு இன்டர்செப்டர் காரை முதல் சில நிமிடங்களிலேயே உருட்டிவிடுகிறார், கடைசித் துரத்தலில் நசுக்கியும் விடுகிறார். 1979-இல் வந்த முதல் மேட் மேக்ஸின் வில்லன் ஹியூ கீஸ்-பர்ன்தான் இதிலும் வில்லன். முகமூடிக்குள் இருக்கிறார், படம் அதைச் சுட்டிக்காட்டுவதே இல்லை. பழைய மேக்ஸ் மெல் கிப்சன் வந்து புது மேக்ஸ் டாம் ஹார்டியைத் தட்டிக்கொடுக்கும் காட்சியும் கிடையாது.

வசூல் கணக்கு வேறு கதை. ஜுராசிக் 160 கோடி டாலரைத் தாண்டியபோது இது 40 கோடியைக்கூடத் தொடவில்லை. ஆறு ஆஸ்கர் வாங்கியது, ஆனால் விஷுவல் எஃபெக்ட்ஸ் விருது இதற்கும் இல்லை, ஸ்டார் வார்ஸுக்கும் இல்லை, சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த எக்ஸ் மெக்கினாவுக்குப் போனது.

மில்லரையும் கோவில் கட்டிக் கும்பிட வேண்டாம். 2024-இல் வந்த இதன் முன்கதை ஃபியூரியோசாவில் சில இடங்களில் வண்டிச் சக்கரம் தரையில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. போதாததற்கு எண்ட் டைட்டிலில் ஃபியூரி ரோடு காட்சிகளையே வெட்டிப் போட்டு ஓட்டுகிறார்.