கைப்பேசியா, ஆலோசகரா?

பாலுறவு பற்றித் தெரிந்துகொள்ள நம் தருமபுரிப் பிள்ளைகள் முதலில் தேடுவது கைப்பேசியை. காரணம் புரிகிறது. பென்னாகரத்திலோ அரூரிலோ தெருவுக்குத் தெரு சொந்தக்காரர்கள். கைப்பேசி யாரிடமும் போய்ச் சொல்லாது, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று அதட்டாது.

ஆனால் அங்கே அதிகம் கிடைப்பது ஆபாசப் படம். அது நடிப்பு. சம்மதம் கேட்கும் பேச்சும் ஆணுறையும் அதில் அரிது. அதையே பாடமாக எடுத்துக்கொண்ட பையன் தன் உடம்பில்தான் குறை என்று நினைக்கிறான். விந்து போனால் தெம்பு போகும் என்ற பயமும் சேர்ந்தால், சுவரொட்டியைப் பார்த்து லாட்ஜ் வைத்தியரிடம் போய்ப் பணத்தைக் கொட்டுகிறான். எனக்கு மனசு கொதிப்பது இங்கேதான். சுயஇன்பத்தால் ஆண்மை குறையாது. விவரம் தெரிந்த ஒரு செவிலியர் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரம் வெளியே போகாது. அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும், அது பால்வினை நோயைத் தடுக்காது என்பதையெல்லாம் ஆலோசகரிடம் எதிர்க்கேள்வி கேட்டே தெளியலாம். வீடியோவிடம் கேட்க முடியாது.

கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த வாசல் சுலபமில்லை; வரிசையில் அத்தையே நிற்கலாம். அவளுக்கு நான் சொல்வது: முதலில் அரசு மருத்துவ உதவி எண் 104-க்கு போன் போடம்மா. நேரில் போவதென்றால் உள்ளூரை விட்டுத் தருமபுரிக்கே பஸ் ஏறு.