போஸ்கோரியாலே மியூசியம்: பாம்பேயி போறவங்க இதுக்கும் அரை நாள் ஒதுக்குங்க

பினாங்குல இருந்து இத்தாலி போற நம்ம ஆளுங்க எல்லாரும் எரிமலைச் சாம்பல்ல பொதஞ்ச பழைய ரோம நகரம் பாம்பேயிய பாத்துட்டு திரும்பிடுறாங்க, அதுக்கு ரொம்ப கிட்டத்துலயே போஸ்கோரியாலேங்குற ஊர்ல இருக்குற இந்த சின்ன மியூசியத்த பத்தி யாரும் சொன்னதே இல்ல. நானும் அம்மாவும் போன மாசம் போனோம். அம்மா நிபோங் தெபால் பக்கம் எஸ்டேட்ல பொறந்தவங்க, 23 வருஷம் ரப்பர் மரம் வெட்டி பால் எடுத்தவங்க. பாம்பேயில பெரிய வீடு, சுவர் ஓவியம் எல்லாத்தையும் சும்மா பாத்துட்டு நடந்துட்டாங்க, இங்க வந்துதான் ஒவ்வொண்ணா நின்னு பாத்தாங்க.

மியூசியம் 1991ல தொறந்தது. பெருசு இல்ல. கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்போ அந்த சுத்துவட்டாரத்துல என்ன வெளஞ்சது, என்ன சாப்ட்டாங்க, என்ன ஆடு மாடு வளத்தாங்க, அதான் விஷயம். கருகுன ரொட்டி, இரும்புல பண்ணை சாமான், அப்புறம் ஒரு பன்னி. சாம்பல்ல பொதஞ்சு உடம்பு மக்கிப்போன குழிக்குள்ள பிளாஸ்டர் ஊத்தி எடுத்த உருவம், பாக்கவே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பக்கத்துலயே வில்லா ரெஜினா. 1977ல கண்டுபிடிச்சது. சுத்தி ஃபிளாட் வீடுங்க, நடுவுல பெரிய பள்ளம், அதுக்கு அடியில இந்த வீடு. வில்லான்னதும் சொகுசு பங்களான்னு நெனைக்காதீங்க, இது வேலை நடந்த பண்ணை. முத்தத்துல 18 பெரிய தாழிய கழுத்து வரைக்கும் மண்ணுல பொதச்சு வச்சிருக்காங்க, மொத்தம் சுமார் 10,000 லிட்டர் ஒயின் பிடிக்குமாம், மண்ணுக்குள்ள இருந்தா சூடு ஏறாம ஒரே பதமா புளிக்கும்ல. சாறு பிழியுற ரூமும் இருக்கு. பழைய திராட்சைக் கொடியோட வேர் இருந்த பொந்துல பிளாஸ்டர் ஊத்தி, எங்க எங்க கொடி நின்னுச்சுன்னு பாத்து திரும்ப நட்டிருக்காங்க. அம்மா பாத்த உடனே "நெரை பிடிச்சு நட்டிருக்கான் பாரு"ன்னாங்க.

ரோமப் பண்ணைகள்ல வேலை வாங்குறவனுக்கு விலிகஸ்னு பேரு, பெரும்பாலும் அவனும் ஒரு அடிமைதான். யார் வரா யார் போறான்னு தெரியணும், அதனால அவன் வாசல் பக்கத்துலயே குடியிருக்கணும்னு கொலுமெல்லாங்குற ரோமர் எழுதி வச்சிருக்காரு. இத சொன்னதும் அம்மா "அப்ப கங்காணி"ன்னாங்க. வாரோன்னு இன்னொருத்தர் அடிமைய பேசுற கருவி, மாட்ட பாதி பேசுற கருவி, வண்டிய பேசாத கருவின்னு ஒரே வரிசையில வைக்கிறாரு. நம்ம பாட்டன் பூட்டன் ஒப்பந்தத்துல வந்த சஞ்சிக்கூலி, இவங்க வெலைக்கு வாங்குன அடிமைங்க, ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல, ஆனா அந்தத் தாழிக்கு முன்னாடி நின்னப்போ விடியக்காலை பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஓடுன எங்க பாட்டி ஞாபகம்தான் வந்துச்சு.

1895ல இதே ஊர்ல வேற ஒரு பண்ணை வீட்டுல 100க்கு மேல வெள்ளிப் பாத்திரம், தங்கக் காசு எல்லாம் கெடச்சுச்சு, அந்த வெள்ளியில பெரும்பங்கு இப்ப பாரிஸ் லூவர் மியூசியத்துல. எனக்கு அத விட இங்க இருக்குற இரும்பு சாமான்தான் முக்கியமா பட்டுச்சு. நம்ம பக்கம் கலிடோனியா எஸ்டேட் 99 கதவு பங்களாவ பாக்க எத்தன பேர் போறாங்க, அங்க வேல செஞ்சவங்க இருந்த லயத்த பாக்க யாரு போறா? வீடு திரும்புனதும் அம்மா பால் வெட்டுன உளி, பால் பிடிக்குற மங்கு, காண்டா வாளி எல்லாத்தையும் தேடி எடுத்து தொடச்சு வச்சோம்.

தமிழ் படிச்சவங்களுக்கு இன்னொண்ணு. புறநானூறு 56ல யவனர், அதாவது கிரேக்க ரோமக்காரங்க, கொண்டாந்த மணக்குற தேறல், அதாவது மது, வருதுல்ல, கேரளாவுல பட்டணம்ங்குற ஊர்ல தோண்டுனப்போ கெடச்ச ஒயின் ஜாடித் துண்டுங்கள்ல நேப்பிள்ஸ் பக்கத்து கறுப்பு எரிமலை மணல் கலந்த மண்ணுல செஞ்சதும் இருக்கு. அந்த வெசூவியஸ் மண்ணுலதான் இந்தப் பண்ணையும் நிக்குது.

நேப்பிள்ஸ்ல இருந்து சர்கும்வெசூவியானா ரயில்ல போகலாம். பாம்பேயி டிக்கெட் வாங்குறப்பவே போஸ்கோரியாலேயும் சேந்ததான்னு கேட்டு வாங்குங்க, நல்ல ஷூ போட்டுக்கங்க, தண்ணி கையில வச்சுக்கங்க. எங்கள கூட்டிட்டுப் போன டூர்காரர் "அங்க ஒண்ணும் இல்ல"ன்னாரு, அத கேட்டுட்டு விட்டுடாதீங்க.