வெளியே தாவலா, உள்ளேயே மாறலா: சம்பளப் பேச்சு எங்கே எடுபடும்?

வேலை மாற நினைக்கும்போது பணம் மட்டும்தான் கணக்கு என்றால் வெளியே, அதாவது வேறு கம்பெனிக்குப் போவதுதான் லாபம். சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை: ஒரு ஆஃபரை வாங்கிக்கொண்டு பேப்பர் போடுவார்கள் (ராஜினாமா செய்வார்கள்), மூன்று மாத நோட்டீஸ் முடிவதற்குள் அதைக் காட்டியே இன்னொரு இடத்தில் கூடுதலாகப் பேசிவிடுவார்கள். ஆனால் சிடிசி (கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு) என்று சொல்லும் தொகையில் மயங்காதீர்கள், அதில் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி (பணிக்கொடை), கிடைக்குமா என்றே தெரியாத வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்துத் தரும் தொகை) எல்லாம் சேர்ந்திருக்கும். மாதம் கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஜாயினிங் போனஸ் தந்தால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதையும்.

உள்ளே, அதாவது அதே கம்பெனியில் வேறு பொறுப்புக்கு மாறும்போது பேரம் பேச இடம் குறைவு. உங்கள் சம்பளம் எச்ஆருக்கு அத்துப்படி. "முதல்ல ரோலுக்கு வாங்க, அப்ரைசல்ல பாத்துக்கலாம்" என்பார்கள். நானும் அதை நம்பி மாறினேன். அப்ரைசல் வந்தபோது அப்படிச் சொன்ன மேனேஜரே வேறு டீமுக்குப் போயிருந்தார். சரி என்று சொல்வதற்கு முன்பே கிரேடு, தொகை, தேதி மூன்றையும் மெயிலில் வாங்கிவிடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் உள்ளே இருப்பது ஜெயிக்கும். நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி கிடைக்கப் பொதுவாக 5 வருடத் தொடர் பணி வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 40,000 ரூபாய் என்றால், அதை 15/26 ஆல் பெருக்கி 5 வருடத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 1,15,000 வரும். நான்கரை வருடத்தில் தாவுகிறவர் அந்தத் தொகையையும் புது இடத்தில் பேசி வாங்கப் பார்க்கலாம், இல்லையென்றால் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம்.